துருப்பிடித்த மலை ஜீப்: வீட்டு முற்றத்திலேயே மீட்டெடுக்கும் முறை

அமெரிக்காவில் பழைய மஸ்டாங், கமாரோ கார்களை வீட்டு ஷெட்டில் வைத்துச் சரிசெய்கிறவர்கள் உண்டு. வாளையாறு, வேலந்தாவளம் தொடங்கி போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வரை நீளும் நம் கேரள–தமிழக எல்லை ஊர்களில் அந்த இடம் ஜீப்புக்குத்தான். தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றியது, நெல்லியாம்பதியிலும் அட்டப்பாடியிலும் பஸ் போகாத பாதையில் ஓடியது, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்பாதையில் ஏறியது எல்லாம் இந்த வண்டிதான். ஓடி ஓய்ந்தபின் தார்ப்பாய்க்கு அடியிலோ மாட்டுத் தொழுவத்து ஓரத்திலோ நின்று துருவேறிக் கிடக்கும். அப்படி ஒன்றை வீட்டிலேயே மறுபடி சாலைக்குக் கொண்டுவரும் வழி இந்த அத்தியாயம்.

தொடங்குமுன் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. மழை மேலே விழுந்து வழிந்து போனால் ஜீப்புக்குப் பெரிய கேடு இல்லை. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கிற இடத்தில்தான் தகடு ஓட்டையாகிறது. ஆகவே எந்த வேலையில் கை வைத்தாலும், “இங்கே தண்ணீர் எப்படி வரும், எப்படிப் போகும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் கடைசி வேலை. அதிலிருந்து தொடங்கிய ஜீப் இரண்டு மழைக்காலம் தாண்டாது.

உங்களிடம் இருப்பது எந்த ஜீப்?

இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் பம்பாயில் பொருத்தி விற்கத் தொடங்கியது. நம் பக்கத்தில் மிகப் பழையதாகக் கிடைப்பது சிஜே-3பி வகை. அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோன மாடல். இந்தியாவில் அதன் வழிவந்த வண்டிகள் அதற்குப் பிறகும் பல்லாண்டு வந்துகொண்டிருந்தன. முன்பக்கம் பானெட் உயர்ந்து நிற்பதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். உள்ளே இருந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் உயரமானது, அதற்காகத்தான் பானெட்டை உயர்த்தினார்கள். 2,199 சிசி, இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். சக்கர இடைவெளி 80 அங்குலம்.

அதற்குப் பின் வந்தவற்றில் எம்எம்-540 தோட்டங்களில் அதிகம் புழங்கியது. சக்கர இடைவெளி 91 அங்குலம், பெஜோ வடிவமைப்பிலான 2,112 சிசி டீசல் இன்ஜின். டிராக்டர் வழிவந்த டீசல் இன்ஜின் பூட்டிய வண்டிகளும் ஏராளம். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிய ஜீப்புகள் ஊருக்கு ஊர் உண்டு. எனவே பெயர்ப்பலகையை நம்பாமல் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் வாங்கப் போகும்போது வண்டியின் பெயரைவிட இந்தக் குறிப்புதான் உதவும்.

ஸ்பேனர் எடுக்குமுன் ஆர்.சி.யை எடுங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை நான்கையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். சேஸ் எண் சேஸ் சட்டத்திலேயே அடித்திருக்கும். அந்த இடத்தைக் கிரைண்டரால் தொடாதீர்கள். மண்ணெண்ணெயும் துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். எழுத்து தெரிந்ததும் படம் எடுத்து, கிரீஸ் தடவி மூடி வையுங்கள். துரு எண்ணைத் தின்றுவிட்டிருந்தால், அல்லது இன்ஜின் எண் மாறியிருந்தால், வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். சித்தூர் (கேஎல்-70), தேவிகுளம் (கேஎல்-68), உடும்பஞ்சோலை (கேஎல்-69) ஆகியவற்றில் சப் ஆர்.டி. அலுவலகங்களே இருக்கின்றன.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டு புதுப்பிக்காமல் கிடந்த வண்டிக்கு அபராதமும் வரிப் பாக்கியும் சேர்ந்திருக்கும். விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள். பொள்ளாச்சி, தேனி, கோவைப் பதிவு வண்டியைக் கேரளத்துக்கு மாற்ற, பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் இங்குள்ள வரியும் வேண்டும்.

மாற்றங்கள் செய்யும் ஆசை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. பஞ்சாப்–ஹரியானா எல்லையிலுள்ள மண்டி டப்வாலியில் புதிதாகக் கட்டுகிற ஜீப்புகளைப் படத்தில் பார்த்து மயங்கி, சேஸை வெட்டி நீட்டவோ, மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர் போடவோ வேண்டாம்.

உங்கள் ஜீப் 50 ஆண்டைத் தாண்டியதா? 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கேட்கலாம். நம்பர் தகட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டுக்கு. ஆனால் சேஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் போகத்தான் வண்டி வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

துரு எங்கிருந்து தொடங்குகிறது

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தோட்டத்து ஜீப்புக்கு இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு.

முதலாவது உரம். பொட்டாஷ் மூட்டையில் குளோரைடு இருக்கிறது, கடல் உப்பைப் போலவே அது இரும்பைத் தின்னும். கிழிந்த சாக்கிலிருந்து கொட்டிய தூள், பின்தளத்தின் மடிப்புகளில் புகுந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது, தோட்டத்தில் துரிசு என்று சொல்லும் மயில்துத்தம். ஏலத்துக்கு அழுகல் நோய் வராமலிருக்க அடிக்கும் போர்டோ கலவையில், 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துரிசும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்க்கிறோம். கலவை சரியா என்று பார்க்கப் பளபளப்பான கத்தியை முக்குவது வழக்கம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அந்தக் கத்தியில் நடப்பதுதான் துரிசுக் கரைசல் சிந்திய ஜீப் தளத்திலும் நடக்கிறது: இரும்பு கரைகிறது, அதன் இடத்தில் செம்பு படிகிறது. படிந்த செம்பு, ஈரம் படும்போதெல்லாம் பக்கத்து இரும்பை இன்னும் வேகமாக அரிக்கிறது. மருந்து டிரம் ஏற்றிய வண்டி என்று தெரிந்தால் பின்தளத்தை முழுதாக மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடு ஒட்டிய மடிப்புக்குள் அது பெருகும்போது ஸ்பாட் வெல்டையே பிய்த்துத் தள்ளும். வெளியே பெயின்ட் கொப்புளமாகத் தெரிகிற இடத்தில் உள்ளே பாதித் தகடு ஏற்கனவே போயிருக்கும்.

எந்த மாதத்தில் எந்த வேலை

இடுக்கியில் ஆண்டு மழை 3,000 மி.மீ.-ஐத் தாண்டும் ஊர்கள் பல. ஜூன் முதல் செப்டம்பர் வரை இடவப்பாதி, அக்டோபர்–நவம்பரில் துலாவர்ஷம். இந்த ஆறு மாதமும் தேய்த்து வெளுத்த தகடு சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும். அதனால் மழைக்காலத்தில் பாடியைத் தொடாதீர்கள். காகித வேலை, பாகம் தேடல், இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், பிரேக் சிலிண்டர் போல மேசைமேல் வைத்துச் செய்யக்கூடியவை எல்லாம் அப்போது.

டிசம்பர் முதல் மார்ச் பாதி வரை தகட்டு வேலைக்கும் பெயின்டுக்கும். இதிலும் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு உண்டு. மூணாறு, குண்டளைப் பக்கம் ஜனவரி இரவில் உறைபனி விழும். காலையில் தகடு வியர்த்து நிற்கும். அங்கே பெயின்ட் வேலைக்குக் கிடைப்பது முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை மட்டுமே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அதே மாதங்களில் கிழக்குக் காற்று வீசும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஈரம் குறைவு, ஆனால் புழுதி அதிகம். நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்க வேண்டும். மலைக்காரர்கள் பாடித் தொட்டியை மட்டும் கழற்றிப் பிக்கப்பில் ஏற்றி, கீழே உள்ள உறவுக்காரர் வீட்டில் பெயின்ட் முடித்துக் கொண்டுவருவது நல்ல யோசனை.

இடமும் கருவியும்

மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, வண்டியைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரு ஆள் படுத்து எழும் அகலம். இவ்வளவு போதும். மண் தரையில் ஜாக்கி சாயும். வேறு வழியில்லை என்றால் தடித்த பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இரும்பு ஸ்டாண்டு நான்கு வேண்டும். ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது, திடீரென்று நொறுங்கும்.

வாங்க வேண்டியவை: ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், இம்பாக்ட் டிரைவர், நான்கங்குல கிரைண்டர், முடிச்சுக் கம்பி பிரஷ், கண்ணாடி, கையுறை, காட்ரிட்ஜ் மாஸ்க். பழைய ஜீப்பில் அங்குல அளவு நட்டுகள் அதிகம், பின்வந்த இன்ஜின்களில் மில்லிமீட்டர் கலந்து வரும். இரண்டு செட்டும் வேண்டும். கம்ப்ரஸர், வெல்டிங் செட் இரண்டையும் வாடகைக்கு எடுக்கலாம்.

கழற்றுதல்

முதலில் பேட்டரி, அடுத்து எரிபொருள் டேங்க். சிஜே-3பியில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். அதை வெளியே எடுத்துத் தூரத்தில் வைக்காமல் கிரைண்டர் பொறி பறக்க விடாதீர்கள்.

பழைய மாடல்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில்தான் பிடிக்கும். பின்பக்கப் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் இல்லை. சரிவு முற்றத்தில் இது தெரியாமல் கழற்றினால் வண்டி உருண்டுவிடும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்தபின்பே ஷாஃப்டில் கை வையுங்கள்.

இறுகிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம், பிறகு கழற்றும் பக்கம் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, அதில் இடம் எழுதிய சீட்டு. கழற்றுமுன் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். புதுப் பாகம் வந்து பொருந்தும்வரை பழைய துருப்பிடித்த துண்டே அளவுக்கான மாதிரி.

தட்டிப் பார்த்துத் தீர்ப்பு

சிறு சுத்தியலால் சேஸ் முழுதும் தட்டுங்கள். நல்ல இடம் ‘டிங்’ என்று ஒலிக்கும், தின்னப்பட்ட இடம் ‘டொக்’ என்று மழுங்கும். மழுங்கிய இடத்தில் ஸ்குரூ டிரைவரைக் குத்துங்கள். குத்து உள்ளே போனால் வெட்டி மாற்ற வேண்டிய இடம் அது. குறிப்பாகப் பார்க்க வேண்டியவை: லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் பூட்டும் இடங்கள், பாடி உட்காரும் தாங்கிகள், பின் குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம். ஓட்டுநரின் கால்வைக்கும் தளம், இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டிகள், பின்சக்கர மேடையின் அடிமடிப்பு ஆகியவை பாடியில் வழக்கமாகப் போகிற இடங்கள்.

தளத்தின்மேல் யாராவது செக்கர் தகடு அடித்திருந்தால் அதைப் பிரிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும். அடியில் சேறும் ஈரமும் சேர்ந்து பழைய தளம் சல்லடையாகியிருக்கும். ரப்பர் விரிப்புக்கும் இதே கதை.

சேஸ் கோணல் ஆகியிருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஜோடி துளைகளுக்கு இடையே குறுக்காக டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில மி.மீ. வேறுபாட்டுக்குமேல் இருந்தால், அல்லது ஸ்டியரிங், ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் சேஸ் ஓட்டையாகியிருந்தால், அது வீட்டு வேலை அன்று; நல்ல சேஸ் மேஸ்திரியிடம் கொண்டுபோங்கள். கொழுக்குமலை மாதிரிப் பாதையில் அந்த வெல்டை நம்பித்தான் ஏழெட்டு உயிர் உட்காரும்.

துருவை எடுக்கும் மூன்று வழி

கிரைண்டரும் கம்பி பிரஷ்ஷும்: தட்டையான இடங்களுக்கு. ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். அன்று மாலைக்குள் பிரைமர் அடிக்க முடிகிற அளவு இடத்தை மட்டும் அன்று தேயுங்கள். முழு வண்டியையும் ஒரே மூச்சில் தேய்த்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தால், தேய்த்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும்: பிராக்கெட், கீல், கொக்கி போன்ற சிறு பாகங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், நான்கு ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவ் முனையை ஒரு பழைய கட்டடக் கம்பியில் இணையுங்கள். இரண்டும் தொடக்கூடாது. ஓர் இரவில் துரு கறுத்துத் தளர்ந்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிரும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது. மூன்று எச்சரிக்கைகள்: ஹைட்ரஜன் வாயு வரும், எனவே திறந்தவெளியில், பீடி நெருப்பு இல்லாமல் செய்யுங்கள்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் மாட்டினால் நஞ்சான குரோமியம் கரையும்; ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட், அலுமினியம் ஆகியவற்றை இதில் போடக்கூடாது.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி: குழிக்குள் எஞ்சிய துருவுக்கு. தளர்ந்த துருவை முதலில் தட்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். செதில் துருவின்மேல் பூசினால் செதில் மட்டும் மாறும், அடியில் வேலை தொடரும். டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவி, ஹீட் கன்னால் உலர்த்திய பிறகே பிரைமர்.

வீட்டிலேயே மணல் பீய்ச்சுவது வேண்டாம். மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சேஸ் முழுதும் துருவென்றால் அதற்கென்று உள்ள கடைக்கு அனுப்புங்கள்.

தகடு வெட்டி வைத்தல்

ஓட்டையின் ஓரம் எல்லாம் மெலிந்திருக்கும். வெல்ட் பிடிக்கிற கெட்டித் தகடு வரும்வரை வெட்டுங்கள். புதுத் துண்டுக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. தகடு. அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

சாதாரண ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொசுக்கிவிடும். வொர்க் ஷாப்பில் சிஓ2 வெல்டிங் என்று சொல்கிற மிக் செட் வேண்டும். நீளமாக ஓட்டாமல் பொட்டுப் பொட்டாக, எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இடத்தில் சூடேறினால் தகடு நெளியும். ஜிங்க் பூசிய கூரைத் தகட்டை மிச்சமிருக்கிறதே என்று பயன்படுத்தாதீர்கள். அதன் புகை காய்ச்சல் தரும். வெல்டிங் நேரத்தில் ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் தண்ணீரும் மணலும் வையுங்கள்.

இந்த வேலையை டிங்கர் ஒருவரிடம் விடுவதில் குறைவில்லை. ஆனால் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பட்டி போடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. தகட்டைப் பாத்துட்டு அப்புறம் பட்டி போடலாம்.” பட்டி என்பது மேடுபள்ளம் நிரவ மெல்லிசாகப் போடுவது. ஓட்டைமேல் வலையும் பட்டியும் வைத்து மூடினால், அது ஈரத்தைக் குடித்து உள்ளிருந்தே தின்னும். வெல்ட் முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் எபாக்ஸி பிரைமர், மடிப்பு ஓரமெல்லாம் சீம் சீலர். வழக்கமான ரெட் ஆக்ஸைடு பூச்சு மட்டும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது.

பிரேக், டேங்க், இன்ஜின், வயர்

மலையில் ஓட்டப்போகிற வண்டிக்குப் பிரேக்கில் சிக்கனம் கூடாது. பழைய ஜீப்பில் நான்கும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போகும். ஆகவே குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். குழாய் ஸ்டீலாகவே இருக்கட்டும், செம்புக் குழாய் வேண்டாம். சிஜே வகையில் மாஸ்டர் சிலிண்டர் கால்தளத்துக்கு அடியில் சேற்றின் நடுவே இருக்கும். வெளிப்பக்கம் சுத்தம் செய்தபின்பே மூடி திறங்கள். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகே வாருங்கள். பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டேங்கை வீட்டில் வெல்டிங் செய்யவே செய்யாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும். உள்துருவுக்கு, கொஞ்சம் டீசலும் ஒரு முழம் சங்கிலியும் போட்டுக் குலுக்கி, வடித்து, மறுபடி குலுக்குங்கள். டீசல் வண்டியில் டேங்க் துரு நேரே இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கெடுக்கும் என்பதால் ஃபில்டரைப் புதிதாகப் போட்டபின்பே ஸ்டார்ட் முயற்சி.

ஆண்டுக்கணக்கில் நின்ற இன்ஜினைச் சாவி திருப்பி எழுப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்கையோ குளோ பிளக்கையோ கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுக் கையால் கிராங்க்கைச் சுற்றுங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்தால் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில், கூலன்ட். பிறகுதான் ஸ்டார்ட்டர்.

வயரிங்கில் அதிகம் ஏமாற்றுவது எர்த். புதுப் பெயின்ட் அடித்த சேஸில் எர்த் வயரைப் பூட்டினால் லைட் மங்கும், ஸ்டார்ட்டர் முனகும். பூட்டும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி, பூட்டியபின் மேலே கிரீஸ் தடவுங்கள்.

பெயின்ட்

தகடு ஈரமில்லாமல் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: ஈரத் துணியால் ஓர் உள்ளங்கை அகலம் துடையுங்கள். கால் மணி நேரத்தில் அந்த ஈரம் மறையாவிட்டால் அன்று பெயின்ட் வேண்டாம். என்சி பெயின்ட் ஈரக் காற்றில் வெளுத்துப் பூக்கும். பியு பெயின்ட் நீடிக்கும், மழை தாங்கும். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை வரவைக்கக்கூடியது. துணி மாஸ்க் போதாது, காட்ரிட்ஜ் மாஸ்க்கும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. இந்த வசதி இல்லாதவர்கள் பிரைமர் வரை வீட்டில் முடித்து மேல் பூச்சுக்குப் பூத் வைத்திருக்கும் கடைக்கு அனுப்பலாம். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

தண்ணீர் போக வழி

பூட்டும்போதே இதைச் செய்யுங்கள். தளத்தின் வடிதுளைகளை அடைக்காமல் விடுங்கள். பட்டியோ சீலரோ மூடியிருந்தால் துளை போட்டுத் திறந்து, ஓரத்தில் பிரைமர் தொடுங்கள். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே பழைய சாக்குத் துணி வைக்காமல் ரப்பர் தாங்கி வையுங்கள். மூடிய பெட்டிகளுக்குள் நீள்குழாய் கொண்டு மெழுகுப் பூச்சு பீய்ச்சுங்கள். கரி ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ் கெடும், பிரேக் டிரம்மில் சொட்டும், மழையோடு ஓடையில் கலக்கும். செக்கர் தகடு வேண்டவே வேண்டாம். கழற்றக்கூடிய மரச்சட்ட விரிப்பு போதும்.

சாலையில் இறங்கியபின் கடைப்பிடிக்க:

மருந்தோ உரமோ ஏற்றிய அன்றே பின்தளத்தைத் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள்; மூட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் தொட்டி வையுங்கள்.

மே மாதக் கடைசியில் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, பெயின்ட் பெயர்ந்த இடங்களுக்குத் தொடுபூச்சு கொடுங்கள்.

டிசம்பரில் வண்டியைத் தூக்கி, சேஸ் உள்பக்கச் சேற்றை அழுத்தத் தண்ணீரால் கழுவி, நன்கு உலர்த்தி, மெழுகைப் புதுப்பியுங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தைக் குடித்து, இறக்கத்தில் சூடானால் கொதிக்கும்.

நிறுத்தி வைக்கும்போது தார்ப்பாயை வண்டிமேல் ஒட்டப் போர்த்தாதீர்கள். நாலு கம்பு நட்டு, ஓர் அடி உயரத்தில் கட்டி, காற்று புகவிடுங்கள்.

முதல் ஓட்டம் சமதளத்தில், ஆளில்லாத பாதையில் இருக்கட்டும். நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்து, வீடு திரும்பி ஒவ்வொரு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிடிக்கவில்லை. நான்கும் ஒரே சூட்டுக்கு வரும்வரை மலை ஏற வேண்டாம்.